காட்டில் வழி தவறியோரும் தேடிச் சென்ற இளைஞரும்

இருபதாம் நூற்றாண்டு வரலாற்றில் இளைஞர் தோன்றும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று போர்க்களம், மற்றையது அரசியற் கிளர்ச்சி. இவ்விரண்டும் வரலாற்று நூல்களில் விரிவாகவே இடம்பெற்றுள்ளன. இவற்றோடு ஒப்பிடுமிடத்து அதிகம் பேசப்படாத பணியொன்றும் அந்நூற்றாண்டில் இளைஞர் தோள்களில் ஏற்றப்பட்டது. காட்டிலும் மலையிலும் வழி தவறியோரையும் காயமுற்றோரையும் ஊதியமின்றித் தேடிச் சென்று மீட்கும் பணியே அது. பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் நள்ளிரவில் உறக்கத்தினின்றும் எழுப்பப்பட்டு, திசைகாட்டியும் மின்சூளும் ஏந்தி, முன்பின் அறியாத ஒருவரைத் தேடி மழைக் காட்டினுள் இறங்குவது விந்தையான ஏற்பாடாகத் தோன்றலாம். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கு மூலையில் 1954 ஆம் ஆண்டு தொடக்கம் அது ஓர் ஒழுங்கான அமைப்பாகவே நிலைபெற்றது. அவ்வமைப்பு எவ்வாறு தோன்றிற்று, அது எதனைக் கற்றது, இளைஞரிடம் எதனைக் கேட்டது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொள்கையும் தேவையும்

மீட்புப் பணியில் இளைஞரை ஈடுபடுத்தும் எண்ணம் இரு வேறு ஊற்றுகளிலிருந்து பிறந்தது. ஐரோப்பாவில் அது கல்விக் கொள்கையாகத் தோன்றியது. அமெரிக்காவில் நடைமுறைத் தேவையாகத் தோன்றியது. முதலாவதை வகுத்தவருள் முதன்மையானவர் கேர்ட் ஹான் என்னும் ஜேர்மானியக் கல்வியாளர். 1920 ஆம் ஆண்டு தென் ஜேர்மனியில் சாலெம் பாடசாலை நிறுவப்பட்டபோது அதன் தலைமையை ஏற்ற இவர், ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்தமையாற் சிறைப்பட்டு, 1933 இல் பிரித்தானியாவிற் புகலடைந்தார். அடுத்த ஆண்டு ஸ்கொத்லாந்தில் கோர்டன்ஸ்ரன் பாடசாலையை ஆரம்பித்தார். நவீன வாழ்வு இளைஞரின் உடல் வலுவையும், தன்முனைப்பையும், கைத்திறனையும், யாவற்றிலும் மேலாகப் பிறர்பால் அவர் கொள்ளும் இரக்கத்தையும் தேயச் செய்கின்றது என்பது ஹானின் கருத்து. இதற்கு மருந்தாக அவர் விதித்தவற்றுள் ஒன்று, ஆபத்திற் சிக்கியோரை மீட்கும் சேவை. அவ்வகையில் அவரது மாணவர் கடற்கரைக் காவலிலும் தீயணைப்பிலும் மலை மீட்பிலும் பயிற்றப்பட்டனர். 1941 இல் வேல்ஸின் அபர்டவியில் தொடங்கிய அவுட்வேர்ட் பவுண்ட் பாடசாலையும், 1950 இல் இங்கிலாந்தின் எஸ்க்டேலில் எழுந்த அதன் மலைப் பாடசாலையும், 1962 இல் வேல்ஸிலே தோன்றிய அத்லாந்திக் கல்லூரியும் இக்கொள்கையின் கிளைகளேயாம்.

ஹானின் சிந்தனைக்குப் பின்னணியாக அமைந்த வினாவொன்றை அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1910 இலேயே எழுப்பியிருந்தார். போர் கொடியது, எனினும் துணிவு, கட்டுப்பாடு, தன்னலமின்மை ஆகிய பண்புகளை அது மனிதரிடமிருந்து வெளிக்கொணர்கின்றது. போரை ஒழிக்க விரும்புவோர் அப்பண்புகளை வளர்க்கும் வேறொரு களத்தை இளைஞருக்குக் காட்டல் வேண்டாமா? இரு உலக யுத்தங்களைக் கண்ட ஹான், அக்களம் உயிர் காக்கும் பணியே என்று விடையளித்தார். எனினும் ஹானின் பாடசாலைகளில் மீட்புப் பணி கல்வியின் ஓர் உறுப்பாகவே இருந்தது. இளைஞர் இல்லையேல் பணியே நடைபெறாது என்ற நிலை உருவாகியது வேறிடத்தில்.

சியற்றில் நகரும் அதன் காடுகளும்

அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்திற் சியற்றில் நகர் அமைந்துள்ளது. நகரின் கிழக்கே கஸ்கேட் மலைத்தொடர். தென்கிழக்கே 14,410 அடி உயரமுடைய றெயினியர் மலை. நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியின் நிலப்பரப்பு ஏறத்தாழ 2,100 சதுர மைல். அதன் மேற்கெல்லையிற் பெருநகரும் கிழக்கெல்லையிற் பனிமூடிய சிகரங்களும் உள்ளன. பசுபிக் கடலிலிருந்து வரும் மழை மலைச்சரிவில் அடர்ந்த ஊசியிலைக் காட்டை வளர்க்கின்றது. மரங்களின் கீழே பன்னங்களும் முட்புதர்களும் விழுந்து அழுகும் பெருமரங்களும் நிறைந்துள்ளன. பத்து அடி தூரத்திற் கிடக்கும் மனிதனையும் காணாது கடந்து செல்லக்கூடிய நிலம் அது.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் இந்நிலத்திற்குள் நகர மாந்தர் பெருந்தொகையாகப் புகலாயினர். சம்பளத்துடன் கூடிய விடுமுறை, சொந்த மோட்டார் வண்டி, புதிய நெடுஞ்சாலை, இராணுவத்தின் எச்சப் பொருட்களாக மலிவு விலையிற் கிடைத்த கூடாரமும் உறங்கு பையும் ஆகியன இதற்கு வழி வகுத்தன. மரம் வெட்டும் கம்பனிகள் அமைத்த பாதைகள் காட்டின் உட்புறத்தைத் திறந்துவிட்டன. முன்னர் மலையேறிகளும் மரம் வெட்டுவோரும் மட்டுமே சென்ற இடங்களுக்கு வேட்டையாடுவோரும், காளான் பறிப்போரும், குழந்தைகளுடன் குடும்பங்களும் செல்லத் தொடங்கினர். காட்டை அறியாதார் தொகை பெருகவே, வழி தவறுவோர் தொகையும் பெருகிற்று.

சட்டப்படி இவர்களைத் தேடும் பொறுப்பு கவுண்டியின் ஷெரிப் என்னும் பொலிஸ் அதிகாரியைச் சார்ந்தது. ஆனால் அவரிடம் இருந்தவர்கள் வீதியையும் நகரையும் காக்கும் சிலரே. ஆகவே அவர் மலையேறிகளை நாடினார். அவருள் குறிப்பிடத்தக்கவர் ஓம் டைபர். 1935 இல் றெயினியர் மலையின் லிபர்ட்டி முகட்டின் வழியாக முதன்முதல் உச்சியை அடைந்த மூவரில் இவரும் ஒருவர். மலையில் விபத்து நேர்ந்தால் அதிகாரிகள் அவரது வீட்டுத் தொலைபேசிக்கே அழைப்பு விடுப்பர். அவர் தம்மிடமிருந்த பெயர்ப் பட்டியலைக் கொண்டு நண்பரைத் திரட்டுவார். 1948 இல் டைபரும், ஜேர்மனியிற் பிறந்த வுல்ப் பவர், வைத்தியர் ஒட்டோ ட்ரொட் ஆகியோரும் இணைந்து மலை மீட்புக் கழகத்தை உருவாக்கினர். ஜேர்மனியின் பவேரியாவில் 1920 இல் தோன்றிய மலைக்காவல் அமைப்பு இவர்களுக்கு முன்மாதிரியாயிற்று.

1954 ஆம் ஆண்டின் முடிவு

மலை மீட்புக் கழகம் திறமை மிக்கோரைக் கொண்டது; ஆனால் சிலரையே கொண்டது. இங்கே மீட்டலுக்கும் தேடலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு கருதற்பாலது. குன்றின் முகத்திற் காயமுற்றுத் தொங்கும் ஒருவர் இருக்குமிடம் பெரும்பாலும் தெரிந்ததே. அவரை இறக்குவதற்குக் கயிற்று நுட்பம் அறிந்த சிலர் போதும். காட்டிற் காணாமற் போன சிறுமி எங்கிருக்கின்றாள் என்பதோ தெரியாது. அவளைத் தேடுவதற்கு மலையேற்றத் திறன் அதிகம் வேண்டியதில்லை. பலர் வேண்டும், அவர்கள் உடனே வரல் வேண்டும், மழையிலும் இரவிலும் சோராது நடத்தல் வேண்டும், தாம் தேடிய இடம் எது, தேடாத இடம் எது என்பதைப் பிழையின்றி உரைத்தல் வேண்டும்.

இத்தேவைக்கு விடையாகச் சாரணர் இயக்கத்தின் மூத்த பிரிவினர் தெரிவு செய்யப்பட்டனர். அமெரிக்கச் சாரணர் இயக்கத்திற் பதினான்கு வயதிற்கு மேற்பட்டோர் எக்ஸ்புளோரர் என அழைக்கப்பட்டனர். இவர்களைக் கொண்டு 1954 இற் சியற்றிலில் எக்ஸ்புளோரர் தேடல் மீட்பு அணி தொடங்கப்பட்டது. இளைஞருக்கு வரைபடம் வாசித்தலும், திசைகாட்டியைக் கொண்டு காட்டினூடே நேர்கோட்டில் நடத்தலும், முதலுதவியும், நனைந்த காட்டில் இரவைக் கழித்து உயிர் தாங்கலும் கற்பிக்கப்பட்டன. பயிற்சியைப் படிப்படியாக முடித்தவர் மாத்திரமே களத்திற்கு அனுப்பப்பட்டனர். அனுபவம் பெற்ற இளைஞர் தம்மிலும் இளையோருக்கு ஆசிரியராயினர். சிறு குழுக்களுக்குத் தலைவருமாயினர். இவ்வேற்பாட்டின் உயிர்நாடி இதுவேயாகும். முதியோர் கட்டளையிட இளையோர் சுமை தூக்குவது என்ற வழக்கமான முறை இங்கு தளர்ந்தது. காட்டின் நடுவே முடிவெடுக்கும் பொறுப்பு, அவ்விடத்தில் நிற்கும் இளைஞனிடமே விடப்பட்டது. 1971 இல் எக்ஸ்புளோரர் பிரிவு பெண்களையும் முழு உறுப்பினராக ஏற்றபோது, அப்பொறுப்பு இளம் பெண்களுக்கும் உரியதாயிற்று.

கூட்டமும் ஒழுங்கும்

இத்தகைய பயிற்சி அவசியந்தானா, நல்லெண்ணம் கொண்ட பலர் கூடினாற் போதாதா என்ற வினா எழலாம். அதற்கு நாட்டின் மறுகோடியில் நிகழ்ந்த துன்பச் சம்பவமொன்று விடை பகர்கின்றது. 1969 ஆம் ஆண்டு யூன் 14 ஆம் திகதி, தென்கிழக்கு அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில், குடும்பத்தினருடன் வந்திருந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் விளையாட்டாகப் புதர் மறைவிற் சென்றான். பின்னர் அவனைக் காணவில்லை. அன்றிரவு பெருமழை பெய்தது. செய்தி பரவவே பூங்கா ஊழியரும், படைவீரரும், மாணவரும், அயலூர் மக்களும் திரண்டனர். ஒரு கட்டத்தில் தேடுவோர் தொகை 1,400 வரை உயர்ந்தது. அத்துணைப் பேரும் நல்லெண்ணம் படைத்தவரே. ஆயின் சேறான நிலத்தில் ஆயிரக்கணக்கான காலடிகள் பதிந்தபோது, சிறுவனின் காலடி எது என்று பிரித்தறிதல் இயலாதாயிற்று. மோப்ப நாய்களுக்கும் அவனது வாசனை தனித்து எஞ்சவில்லை. சிறுவன் இறுதிவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

இத்தேடல் பிற்காலத்திற் பலராலும் ஆராயப்பட்டது. முதற் சில மணித்தியாலங்களிற் பயின்ற சிலரை அனுப்பித் தடயங்களைக் காத்தல், எல்லையை அடைத்தல், ஆட்தொகையைக் கட்டுப்படுத்தல் ஆகியன அமெரிக்கத் தேடற் பணியின் அடிப்படைப் பாடங்களாயின. இரக்கம் திரளை உருவாக்கும். ஆனால் திரள் தானாகவே தேடலை உருவாக்காது. சியற்றில் இளைஞர் பதினைந்து ஆண்டுகளாகப் பழகிவந்த ஒழுங்கின் பெறுமதி, அது இல்லாத இடத்திலேயே தெளிவாகப் புலப்பட்டது எனலாம்.

இளைஞர் நடத்திய பரிசோதனை

எக்ஸ்புளோரர் அணியினரின் வரலாற்றில் அதிகம் அறியப்படாத, ஆயினும் மிக முக்கியமான நிகழ்ச்சி 1974 இல் இடம்பெற்றது. தேடுவோர் வரிசையாக நின்று காட்டினூடே செல்லும்போது ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருத்தல் வேண்டும்? நெருங்கி நிற்பதே நன்று என்பது பொதுவான நம்பிக்கை. தோளோடு தோள் சேர்ந்து செல்வோர் எதனையும் தவறவிடார் அல்லவா? இந்நம்பிக்கையை அணியைச் சார்ந்த ஜோன் வோர்ட்ஸ் என்பவர் பரிசோதித்துப் பார்த்தார். காட்டிற் பொருட்களை மறைத்து வைத்து, வெவ்வேறு இடைவெளிகளில் தேடுவோரை அனுப்பி, அவர்கள் கண்டவை எத்தனை, காணாதவை எத்தனை எனக் கணக்கிட்டார்.

முடிவு வியப்பிற்குரியது. 20 அடி இடைவெளியிற் சென்றோர் ஏறத்தாழ 90 சதவீதமானவற்றைக் கண்டனர். 60 அடி இடைவெளியில் இது 70 சதவீதமாகவும், 100 அடி இடைவெளியில் 50 சதவீதமாகவும் இருந்தது. மேலோட்டமாக நோக்கின் நெருக்கமே வென்றதாகத் தோன்றும். ஆனால் 2,000 அடி அகலமான நிலப்பகுதியொன்றை எடுத்துக்கொள்வோம். 20 அடி இடைவெளியில் அதனைத் தேட 100 பேர் வேண்டும். 100 அடி இடைவெளியில் 20 பேர் போதும். அந்த 20 பேரும் ஒரே நிலத்தைச் சற்று விலகிய வழிகளால் மூன்று முறை தேடினால், காணும் வாய்ப்பு 50, 75, 87 சதவீதம் என உயர்கின்றது. அதாவது 100 பேரின் உழைப்பால் வரும் பயனை 60 பேரின் உழைப்பால் ஏறக்குறையப் பெற்றுவிடலாம். எஞ்சிய 40 பேரின் உழைப்பு இன்னொரு நிலத்தைத் தேடப் பயன்படும். குளிரில் நடுங்கும் ஒருவருக்கு நேரமே உயிர் என்பதால், இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கு அன்று.

இரண்டாம் உலக யுத்தத்திலே, கடலில் நீர்மூழ்கிகளைத் தேடும் முறையைக் கணிதத்தால் ஆராய்ந்தவர் பேர்னாட் கூப்மன். 1946 இல் வெளிவந்த அவரது ஆய்வு தேடற் கோட்பாட்டின் அடித்தளமாயிற்று. போருக்கெனப் பிறந்த அக்கோட்பாட்டின் வினாக்களை, காட்டின் நடுவே உயிர் காக்கும் நோக்குடன் எழுப்பியவர்களுள் இவ்விளைஞர் அணியினர் முன்னோடிகளாவர். இடைவெளியை மட்டும் கொண்டு கணித்தல் போதாது. தாவரச் செறிவும், தேடப்படுவோரின் உடை நிறமும், ஒளியும் முடிவை மாற்றும் எனப் பிற்கால ஆய்வாளர் திருத்தினர். ஆயினும் ஊகத்தை விட்டு அளவையை நாடிய முதற் படி மதிப்பிற்குரியதே.

பல்கலைக்கழகங்களின் பங்கு

ஏறத்தாழ இக்காலப் பகுதியில் உயர்கல்வி நிலையங்களிலும் இப்பணி வேரூன்றியது. நியூ மெக்சிக்கோவின் சாந்தா பே நகரிலுள்ள சென் ஜோன்ஸ் கல்லூரியில் 1971 இல் ஒரு மீட்பு அணி உருவாயிற்று. பண்டைக் கிரேக்க நூல்கள் தொடங்கி மேலைத்தேயப் பேரிலக்கியங்களையும் மெய்யியலையும் பயிலும் மாணவரைக் கொண்ட கல்லூரி அது. பிளேட்டோவைப் படித்த கையோடு பாலைநில மலைகளில் வழி தவறியோரைத் தேட அவர்கள் சென்றனர். வேர்ஜீனியாப் பல்கலைக்கழகச் சூழலில் 1974 இல் அப்பலாச்சியன் தேடல் மீட்புக் கூட்டமைப்புத் தோன்றிற்று.

தேடுவோர் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்ற வினாவிலிருந்து, தொலைந்தோர் எவ்வாறு நடப்பர் என்ற வினாவிற்கு ஆய்வு நகர்ந்தமை இக்காலத்தின் மற்றுமொரு சிறப்பாகும். சியற்றில் பகுதியிலே தேடல் நாய்களைப் பழக்கிய வில்லியம் சைரோடக், 1976 இல் 229 சம்பவங்களை ஆராய்ந்து வெளியிட்டார். சிறு குழந்தை, நடைப்பயணி, வேட்டையாடுவோர் ஆகிய ஒவ்வொரு வகையினரும் வெவ்வேறு வகையில் வழி தவறுகின்றனர் என அவர் காட்டினார். மிகச் சிறிய குழந்தை தான் தொலைந்ததையே அறியாது. களைத்த இடத்தில் உறங்கிவிடும். சற்று வளர்ந்த பிள்ளையோ அந்நியர் பெயர் சொல்லி அழைத்தால், பெற்றோர் கற்பித்தபடி பதிலளிக்காது ஒளிந்து கொள்ளும். இவ்வறிவு இல்லாதவர் புதரருகே அழைத்துவிட்டு விடையின்மையால் அப்பாற் சென்றுவிடுவர். அப்பலாச்சியன் கூட்டமைப்பில் 1981 இல் இணைந்த றொபேட் கெஸ்ரர், பல நாடுகளின் பல்லாயிரம் சம்பவங்களைத் திரட்டி, 2008 இல் இத்துறைக்குரிய பெருநூலை வெளியிட்டார்.

அறிவு தேடுவோரிடம் மட்டும் தங்கவில்லை. 1981 இற் கலிபோர்னியாவின் பலோமர் மலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழி தவறி இறந்த பின்னர், சிறுவருக்கான பாடமொன்று வகுக்கப்பட்டது. தொலைந்ததை உணர்ந்ததும் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவ்விடத்திலேயே நில் என்பதே அதன் சாரம். ஊதுகுழலும், மழையைத் தாங்கப் பெரியதொரு பிளாஸ்ரிக் பையும் உடன் கொண்டு செல்லும்படியும், தேடுவோர் கோபிக்க மாட்டார் என்றும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டது. தேடலைக் குறைப்பதும் தேடற் பணியே என்பது இதனால் உணரப்பட்டது.

இளைஞரிடம் கேட்கப்பட்ட விலை

இவ்வரலாற்றை முழுவதும் புகழுரையாக எழுதுதல் பொருந்தாது. தேடல் எப்போதும் உயிருள்ளோரிடம் கொண்டுசேர்ப்பதில்லை. பல நாள் தேடலின் முடிவில் இளைஞர் காண்பது சடலமாகவும் இருக்கும். 1982 இற் கிங் கவுண்டியிற் கிரீன் ஆற்றங்கரையிலே இளம் பெண்களின் சடலங்கள் அடுத்தடுத்துக் கண்டெடுக்கப்பட்டன. அத்தொடர் கொலைகளின் புலனாய்வு நீண்டபோது, தடயங்களையும் எச்சங்களையும் தேடும் வேலைக்கு எக்ஸ்புளோரர் இளைஞர் அழைக்கப்பட்டனர். முழந்தாளில் ஊர்ந்து, இலைச் சருகுகளை விலக்கி, அடி அடியாக நிலத்தை நோக்கும் வேலை அது. கொலையாளி 2001 இற் கைதாகி, 2003 இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டான். கொலையுண்ட பெண்களுட் பலர் தேடிய இளைஞரின் வயதினரே.

பாடசாலை மாணவரை இத்தகைய காட்சிக்கு உட்படுத்தல் தகுமா? ஒரு செல்வந்த நாடு தன் கடமையை ஊதியமற்ற சிறுவரின் தோளில் ஏற்றிவிட்டது எனக் குறை கூறுவோர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. காலணியும் மழை அங்கியும் தொண்டரே தேடிக்கொண்டனர். பதிவு பெற்ற தொண்டருக்குக் காயம் ஏற்படின் இழப்பீடு வழங்க மாநிலச் சட்டம் இடமளித்ததெனினும், மனத்தில் ஏற்படும் காயத்தை அளக்கும் கருவி அக்காலத்தில் இருக்கவில்லை. பணி முடிந்ததும் கூடிப் பேசித் துயரைப் பகிரும் வழக்கம் மெல்லவே பரவியது.

எனினும் மறுபக்கத்தையும் நோக்கல் வேண்டும். அவ்விளைஞர் ஏமாற்றப்பட்டு அங்கே அழைத்துச் செல்லப்படவில்லை. எது நேரலாம் என்பதை அறிந்தே சென்றனர்; மறுக்கும் உரிமையும் அவர்களுக்கிருந்தது. உயிரிழந்தவரின் உடலையேனும் உறவினரிடம் சேர்ப்பித்தல் அக்குடும்பத்தின் காத்திருப்பிற்கு முடிவளிக்கும் அறம் என்பதை அவர்கள் அனுபவத்தால் உணர்ந்தனர். இளைஞரைத் துயரத்தினின்றும் முற்றாக விலக்கி வைக்கும் சமூகம், பொறுப்பினின்றும் அவர்களை விலக்கி வைத்துவிடுகின்றது. எவ்வளவு துயரம், எவ்வகைத் துணையோடு என்பதே கேட்கப்பட வேண்டிய வினா.

முடிவுரை

கைத்தொலைபேசியும், செய்மதி வழி இடமறியும் கருவியும், ஆளில்லா வானூர்தியும் பெருகியபின், பல தேடல்கள் சில மணித்தியாலங்களில் முடிவடையலாயின. ஆயினும் சமிக்ஞை எட்டாத பள்ளத்தாக்கும், மின்கலம் தீர்ந்த கருவியும், கருவியே கையிலில்லாத குழந்தையும் எக்காலத்திலும் உண்டு. அங்கே நடந்து சென்று தேடுவோரின் தேவை தீரவில்லை.

1954 இற் சியற்றிலில் ஒரு நடைமுறைச் சிக்கலுக்கு விடையாகத் தொடங்கிய முயற்சி, ஹான் போன்றோர் கொள்கையளவிற் கூறியதை அவரைப் பின்பற்றாமலே மெய்ப்பித்தது. வேகமும் ஆர்வமும் இளைஞருக்கு இயல்பாகவே உண்டு; அவற்றை மட்டும் கொண்டு காட்டினுட் புகுந்தால் காலடித் தடங்கள் அழியும் என்பதை 1969 காட்டிற்று. அவ்வார்வத்திற்குப் பயிற்சியும், பயிற்சிக்கு ஏற்ற பொறுப்பும், பொறுப்போடு முடிவெடுக்கும் உரிமையும் வழங்கப்பட்ட இடத்தில், அவர்கள் மனிதரை மீட்டதோடு புதிய அறிவையும் தேடித் தந்தனர். இளைஞரை நம்பலாமா என்று தயங்கும் சமூகங்கள் பல. நம்புவதற்கு முன் அவர்களைப் பயிற்றுவிக்க நாம் என்ன செய்தோம் என்று அச்சமூகங்கள் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.